பிராங்கிளின் வீட்டு ஏலம்

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன் பிராங்கிளின். கேட்ட விலை போதாதென்று அவன் கத்துகிற கத்தலில், வியாபாரிகள் தாமாகவே ஏற்றிக் கேட்பார்கள். வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே ஏலம் விடுகிறவள் நாலு வயது மகள் சாரா. ஏற்றிக்கொண்டே போகிற ஏமாளி அவன்.

கடை வாசலில் படுத்துக் கத்துவாள். "ஒரு பிஸ்கோத்து" என்பான். கத்தல் கூடும். "சரி, ரெண்டு. போனும் தரேன்." புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? விலை படியும் வரை விடமாட்டாள்.

பால்வாடியிலும் இதே கூத்து. மற்ற பிள்ளைகள் மிரளுகின்றன, இப்படியே போனால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாரா வீட்டில் இருந்தால் அவன் மனைவி ஃப்ளோரன்ஸ், ஆசைப்பட்டுச் சேர்ந்த தையல் கம்பெனி வேலையை விடவேண்டும்.

"அவ கத்துறப்ப எதுவும் தராதீங்க, திட்டாதீங்க, விட்டுட்டும் போகாதீங்க. பக்கத்துல உக்காருங்க," என்றார் பால்வாடி ரூத் டீச்சர்.

"சும்மா குந்திகினு இன்னா டீச்சர் பண்றது?"

"வாய மூடிகினு இரு. அது போதும்," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அன்று மாலையே சோதனை வந்தது. மாதா கோயில் வாசலில் பலூன்காரரைக் கண்டதும் சாரா தரையில் விழுந்தாள். பிராங்கிளின் பக்கத்தில் சம்மணம் போட்டான். "ஒரு..." என்று வாய் தானாகத் திறந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஊர் சும்மா போகுமா? "கொயந்த கத்திகினு கீது, நீ இன்னாப்பா குந்தினு கீற? ஒண்ணு வாங்கிக் குடேன்," என்றாள் கூடையோடு போன அங்கம்மா. ஒருவர் தன் காசிலேயே பலூன் வாங்கி நீட்டினார். பிராங்கிளின் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினான். அவமானம் பிடுங்கித் தின்றது. மகள் முதுகில் கை வைத்தான், தட்டிவிட்டாள். மறுபடி வைத்தான்.

கத்தல் தேம்பலாகி அடங்கியது. சாரா நகர்ந்து வந்து அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, அவன் இதுவரை கேட்டே இராத சின்னக் குரலில் கேட்டாள்.

"நைனா, உனுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தாம்மா கீறேன்," என்றான் அவனும் மெதுவாக.

அவள் நம்பவில்லை. மடியில் ஏறி, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிராங்கிளினுக்கு அழுகை வந்துவிட்டது.