ஓய்வுநாளுக்கான எண்ணெய்

கலாஃபோ இளவயதில் ஆரஞ்சுத் தோப்பில் பழம் அடுக்கும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்தார். பிறகு வான்கோழி வளர்த்தார். கடைசியில் முதுகெலும்பில் புற்றுநோயோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். திரிபோலியை விட்டு வந்த யூதர்கள் குடியேறிய எங்கள் விவசாயக் குடியிருப்பில் அவர் குரல் எட்டாத வீடு கிடையாது. யாராவது பாம்பைக் கண்டு பின்வாங்கினால் சிரித்துவிட்டு, தானே போய் மண்வெட்டியால் அடிப்பார். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசல் கதவில் மேலும் கீழும் நடுவிலும் தாழ்ப்பாள்கள் இருந்தன. பின்பக்கத்துச் சாமான் அறைக்குக்கூட உள்பக்கமாக ஒன்று போட்டிருந்தார். “மாவு மூட்டையா எழுந்து வந்து தாழ்ப்பாள் போடப் போகுது?” என்று அவர் மனைவி கமூனா கேட்பாள். அவர் தாழ்ப்பாளை இன்னொருமுறை இழுத்துச் சரிபார்ப்பார்.

நான் எதிர் வீடு. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி பெற்று, கால் ஓயும்வரை அதையே செய்தவள். வலி மாத்திரைகள் அவர் குடலைக் கட்டிப்போட்டு மூளையையும் மந்தமாக்கியபோது, மருத்துவர் அவற்றை நிறுத்திவிட்டுக் கஞ்சா எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை கமூனா என்னிடம்தான் எடுத்துவந்தாள். நான் போய்ப் பேசினேன்.

“கஞ்சாவா? வான்கோழிக்காரன் கஞ்சாக்காரன் ஆயிட்டான்னு ஊரே சிரிக்கும்.”

“ராத்திரியெல்லாம் நீ கத்துறது ஊருக்கே கேக்குது. அதுக்கு இது மரியாதைதான்.”

“கமூனா, இந்த நர்ஸம்மாவ வெளியே அனுப்பு. வாயில ஊசி வெச்சிருக்கா.”

ஆனாலும் எடுத்துக்கொண்டார். காய்ந்த பூவைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் சிறு கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை இழுத்தால் காப்பி கொதிப்பதற்குள் அவர் தோள்கள் தளரும். எரிச்சலும் குறையும். கூடவே ஒரு குப்பி எண்ணெயும் கொடுத்தார்கள். அதை நாக்குக்கு அடியில் விட்டு, விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போனால் வேலை செய்யவே வெகுநேரம் எடுக்கும், எடுத்தால் பலமாக எடுக்கும், அதனால் ஒருமுறை விழுங்கியதன் மேல் இன்னொன்று விழுங்கக் கூடாது என்று மருத்துவமனைப் பெண் விளக்கினாள். கலாஃபோ அப்போது ஜன்னல் வழியாக யாருடைய டிராக்டரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலையிலிருந்து சனி மாலைவரை எங்களுக்கு ஓய்வுநாள்; அதில் நெருப்பு மூட்டுவதில்லை, பொத்தான் அழுத்துவதில்லை. எங்கள் மதகுருவான ரப்பியிடம் கேட்டார்கள். “எண்ணெய் இருக்கும்போது கருவி எதுக்கு? எண்ணெயை விடுங்க. தாங்க முடியலன்னா ரெண்டாம் பேச்சு பேசாம கருவியையே எடுங்க” என்றார் அவர். நல்ல மனிதர்.

சனிக்கிழமை காலை கமூனா ஜெப ஆலயத்துக்குப் போனாள். எண்ணெய் ஈர வைக்கோல்போல நாறியது என்று பின்னால் கலாஃபோ சொன்னார். நாக்குக்கு அடியில் வைக்கப் பிடிக்காமல், ரொட்டித் துண்டில் விட்டு, மேலே மிளகாய் விழுதைத் தடவி விழுங்கினார். காப்பி கொதிக்கும் நேரம் பொறுத்தார். கருவிக்குப் பழகிய உடம்பு. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு துண்டில் இன்னும் கொஞ்சம். பிறகு, மருந்து கெட்டுப்போய்விட்டது என்று முடிவுசெய்து, தாராளமாகவே ஊற்றிக்கொண்டார்.

கமூனா செருப்பில்லாமல் என் வாசலில் வந்து நின்றபோது எனக்கு இதெல்லாம் தெரியாது.

“ரூபினா, ஓடி வா! அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. என்னைப் பாத்துப் பயப்படுறாரு. சாமான் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு!”

மேசையில் எண்ணெய் படிந்த ரொட்டித் துணுக்குகள் கிடந்தன. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் வெகுவாகக் குறைந்திருந்தது. அவர் இதயம் ஏற்கெனவே பழுதானது. முதுகெலும்போ, தடுக்கி விழுந்தாலே நொறுங்கிவிடும். அந்த அறையில் நிற்கக்கூட இடமில்லை.

தொலைபேசியை எடுத்தேன். கமூனா என் கையைப் பார்த்தாள். “உயிர் போனா எந்த ஓய்வுநாளும் திருப்பித் தராது” என்றேன். மருந்தகத்தின் அவசர எண்ணில் ஒரு செவிலி பேசினாள்.

“எண்ணெய் மட்டும்னா போதை தானா இறங்கிடும்மா. ஆனா அவர் இதயத்தை நம்ப முடியாது. மூச்சைக் கவனிங்க, விழ விடாதீங்க, பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க. பதில் நின்னுட்டா உடனே சொல்லுங்க, ஆம்புலன்ஸ் ஆளுங்க வந்து கதவை உடைச்சிடுவாங்க.”

நான் சாமான் அறைக் கதவருகே தரையில் உட்கார்ந்தேன். உள்ளே மூச்சு நாய் இரைப்பதுபோல வந்துகொண்டிருந்தது.

“கலாஃபோ, நான் ரூபினா. கதவைத் திற.”

மூச்சு சட்டென்று அடங்கியது. என் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டார். கமூனா கதவைப் பலமாகத் தட்டினாள். உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. பிறகு மெல்லிய குரல் ஒன்று, கரகரப்பில்லாமல், பால்மணம் மாறாத பையனுடையதுபோல, எங்கள் பழைய திரிபோலி அரபியில் சொன்னது:

“தட்டாதீங்க. அம்மா என்னை எண்ணெய்ச் சாடிக்குள்ள வெச்சுட்டுப் போயிருக்கா. மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னா. அவங்க இன்னும் தெருவுலதான் இருக்காங்க.”

கமூனா என்னைப் பார்த்தாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவளிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்பத்தைந்தாம் வருடம் திரிபோலியில் யூதர்களைக் கொல்ல எங்கள் தெருவுக்குள் கும்பல் புகுந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். கதவை உடைக்க ஆள் வந்தால் அந்தச் சத்தமே இவரைக் கொன்றுவிடும். வராவிட்டால், உள்ளே இதயம் நின்றாலும் எங்களுக்குத் தெரியாது.

கதவிடுக்கில் வாயை வைத்து, நானும் அரபியில் கிசுகிசுத்தேன்.

“சரிடா. பேசாத. அவங்க காதுல விழாம, விரலால மெதுவா ஒரு தட்டு தட்டு. நீ இருக்கேன்னு எனக்குத் தெரியணும்.”

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னத் தட்டு.

அதன்பின் அதுதான் எங்கள் வேலை. நான் கேட்பேன், அவர் தட்டுவார். கமூனா ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே கதவுக்கு இந்தப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். பிணங்களைக் குளிப்பாட்டியவள் நான். அன்று ஒவ்வொரு தட்டையும் விரல்விட்டு எண்ணினேன்.

வெயில் சுவரிலிருந்து இறங்கும் நேரத்தில் நான் கேட்டேன், தட்டு வரவில்லை.

மறுபடி கேட்டேன். வரவில்லை.

“கலாஃபோ!” என்று கமூனா அலறினாள். “மனுஷா, தட்டு! தட்டித் தொலை!”

நான் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ரம்பம் மரத்தில் சிக்கியதுபோல, நீளமாக, ஈரமாக. அந்தக் குறட்டையை எதிர் வீட்டில் படுத்துப் பல வருடம் திட்டியிருக்கிறேன்.

கமூனா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அப்படியே அழுதாள். கீல் வெளிப்பக்கம் இருந்தது; அவர் விழித்திருக்கும்போது தொட்டால் மிரண்டுவிடுவார் என்றுதான் அதுவரை விட்டுவைத்திருந்தேன். நான் கத்தி முனையால் ஆணிகளை நெம்பி எடுத்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தோம். கொண்டைக்கடலைச் சாக்கின்மேல் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாடி வேகமாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது.

இருட்டியபின் கண் விழித்தார்.

“கதவு எங்கே?”

“தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்றேன். “எண்ணெயை எவ்வளவு விழுங்கின?”

சொன்னார். திட்டினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். இனி அந்த எண்ணெயைத் தொடமாட்டேன் என்றார். அடுத்த சனிக்கிழமை நண்பகல்வரை வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினார். பிறகு முகம் சாம்பலானது.

“கருவியை எடுக்கலாம். ரப்பியே சொல்லிட்டாரே” என்றேன்.

“ஓய்வுநாள்ல வேணாம். எண்ணெயையே கொண்டா. நீயே விடு, ரூபினா. என் கைய நம்பாத.”

எழுதியிருந்த அளவுக்கு மேல் ஒரு சொட்டு இல்லாமல் நாக்குக்கு அடியில் விட்டேன். விழுங்காமல் வாயை மூடி உட்கார்ந்தார். முகம் கோணியது. கமூனா அவர் கையைப் பிடித்திருந்தாள். நாங்கள் மூவருமே பயந்துகொண்டுதான் இருந்தோம். சாமான் அறைக் கதவைத் திரும்ப மாட்டும்போது தாழ்ப்பாளை வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். திருகாணி இருந்த ஓட்டைகள் தெரியும்படி கதவு திறந்தே கிடந்தது.

வாயைத் திறந்து பேச முடியாதே. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விரலால் மேசையில் ஒரு தட்டு தட்டினார். அதற்குப் பிறகு எல்லா ஓய்வுநாளும் அப்படித்தான். கடைசி மாதங்களில் பேச்சு குறைந்த பிறகும் தட்டினார். கொஞ்சம் தாமதமானால் கமூனா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். நானும்தான்.