எழுபதா, ஐம்பத்தைந்தா?

அச்சங்குளம் பொன்மணிக்கு எதையும் கேட்டுத் தெளியாவிட்டால் இருப்புக்கொள்ளாது. பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். பதினாறு வருஷமாக அதுதான் வேலை. போன வருஷம் அவள் இருந்த அறைக்கு நாலு அறை தள்ளி வெடித்தது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் யாராவது வேன் கதவை ஓங்கிச் சாத்தினாலே உடம்பு தூக்கிப்போட்டது.

விருதுநகரிலிருந்து மனநல ஆய்வுக்கு வந்த ரோஷினி, பயத்தை அளக்க இருபது கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பயத்துக்குத் தக்கபடி சைபரிலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட்டாள். மறுவாரம் வந்து, "அக்கா, நீங்க எடுத்தது முப்பத்தி நாலு. தரப்படுத்தினா எழுபது" என்றாள்.

"முப்பத்தி நாலுன்னு எண்ணிப்போட்டு எழுபதுங்கீகளே மேடம், மிச்சம் எங்கன இருந்து வந்துச்சு?"

"வெறும் முப்பத்தி நாலுன்னா அது கூடுதலா, குறைச்சலான்னு தெரியாதுல்ல? அதான் எல்லாரோட சராசரியையும் ஐம்பதுன்னு வச்சுக்கிறோம். இந்த அட்டவணையில சராசரி பதினெட்டு. ஆளுக்கு ஆள் பொதுவா எட்டு அளவுக்கு முன்னப்பின்ன இருக்கும். சராசரிக்கு மேல ஒவ்வொரு எட்டுக்கும் பத்து கூட்டணும். நீங்க ரெண்டு எட்டு தள்ளி இருக்கீங்க."

பொன்மணி விரல்விட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. வேறொன்று உறுத்தியது.

"எல்லாரும்னா யாரு மேடம்?"

"பெருநகரத்துல காலேஜ் படிக்கிற பொண்ணுங்க, எண்ணூறு பேர்."

"அவுக மருந்து ரூமுக்குள்ள வந்து பாத்திருக்காகளா?"

ரோஷினி அட்டவணையை மடித்து வைத்தாள். "உங்க ஆளுங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாமா அக்கா?" என்றாள்.

மூன்று மாதம், ஞாயிறுதோறும் இருவரும் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பொன்மணி கேள்விகளை வாசித்துக் காட்டினாள். "சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா?" என்ற கேள்விக்குப் பாலம்மாள் என்பவள் சிரித்தாள். "திடுக்கிடாதவள எங்க ரூம்ல சேத்துக்கவே மாட்டோம்."

முந்நூறு பெண்களின் விடைகளைக் கூட்டிப் பார்த்ததில் சராசரி முப்பது வந்தது. முன்னப்பின்ன இருப்பது அதே எட்டு. முப்பத்தி நாலு அதற்கு அரை எட்டுதான் மேலே; பொன்மணி எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கினாள்.

"நல்ல சேதிதான அக்கா? நீங்களும் மத்தவங்க மாதிரிதான் இருக்கீங்க."

பொன்மணிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு முகம் மாறியது.

"அப்ப எங்க ஊரே பயந்துல்ல கெடக்கு? இத மட்டும் எழுதிக் குடுத்தீகன்னா, எல்லாரும் நல்லாத்தான இருக்காகன்னு கம்பெனிக்காரவுக கைகழுவிருவாக. ரெண்டையும் எழுதுங்க மேடம்."

அறிக்கையில் இரண்டு எண்களும் ஏறின. புது அட்டவணையில் வெகுவாக விலகி நின்ற பதினோரு பேருக்குத் தனியாக ஆலோசனை கிடைத்தது. பழைய அட்டவணையைக் காட்டி, ஊருக்கே மாதம் ஒருமுறை ஆலோசனைக் கூட்டம் நடத்த ஏற்பாடாயிற்று. பொன்மணி ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. மனதில் இருப்பதைப் பேசப் பேச, உடம்பு தூக்கிப்போடுவது மட்டுப்பட்டது.

இப்போது அவளுக்கு வேறொரு சந்தேகம். லோடு ஏற்றும் ஆண்கள், தங்களுக்குப் பயமே கிடையாது என்கிறார்கள். அவர்களுடைய சராசரி எம்புட்டு வரும் என்று பார்க்க, கேள்வித்தாள் நகல்கள் கேட்டு ரோஷினிக்குப் போன் போட்டிருக்கிறாள்.