மௌனத் தியானத்துக்கு வந்த ரீட்டா

மூன்று நாள் மௌனத்தை முடித்துவைக்கும் மணியை அடித்தது நான்தான். அடுத்த நிமிடமே முப்பது பெண்களும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். ரீட்டா மட்டும் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். "அது இன்னும் ஜெபத்துலயே கீது பாரு" என்று சமையல்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நூம்பல் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் கன்னியர் நடத்திய தியான இல்லம் அது. எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே மேற்பார்வை வேலையில் இருந்தேன். அறை ஒதுக்குவது, சாப்பாடு, மணி எல்லாம் என் பொறுப்பு. அம்பத்தூர், ஆவடியிலிருந்து பெண்கள் வருவார்கள். அடுப்படியையும் கம்பெனி ஷிஃப்டையும் விட்டுவிட்டு மூன்று நாள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். திரும்பும்போது பலருக்கு முகமே தெளிந்திருக்கும்.

சீட்டுப் பெட்டி

மௌனம் தொடங்கிவிட்டால் யாரும் பேசக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யாராவது முணுமுணுத்தால் போதும், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு போய் நிற்பேன். அதனால் எனக்கு 'உஷ் அக்கா' என்று பெயர். அதில் எனக்குப் பெருமை வேறு.

முதல் நாள் சாயங்காலம் ரீட்டா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். திருமுல்லைவாயில்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். என் கையைத் தொட்டு, "ம்... ம்..." என்றாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டுப் பெட்டியைக் கை காட்டினேன். அவளுக்கு எழுதத் தெரியாது. தெரியுமா என்று நான் கேட்டதும் இல்லை.

மூன்று நாளும் அவள் கஞ்சித் தெளிவை மட்டுமே குடித்தாள். ஒருசந்தி விரதம் இருக்கிறாள் என்று நானாகவே முடிவு கட்டினேன். பந்தியில் யாராவது கிசுகிசுத்தால் அவளைக் காட்டி, பார்த்துக் கற்றுக்கொள் என்று சாடை செய்தேன். அவள் தலையை இன்னும் குனிந்துகொள்வாள்.

சாட்சி நேரம்

மணி அடித்த பிறகு ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைச் சொல்வது வழக்கம். "ரீட்டா, முதல்ல நீ சொல்லும்மா" என்றார் இல்லத் தலைவியான மதர். அவள் முக்காட்டை விலக்கினாள். இடது கன்னம் நீலம் பாரித்து வீங்கிக் கிடந்தது. தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

தியானத்துக்குக் கூட வந்திருந்த அவள் தெருக்காரி பிலோமினா அலறினாள். "ஐயோ அக்கா, அவ ஊட்டுக்காரன் வேல இது! கெளம்புற அன்னிக்குக் காலைல அட்ச்ச சத்தம் எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சு. தியானத்துக்குன்னா மட்டுந்தான் அவன் வெளிய உடுவான். அதான் அப்டியே வந்துட்டா."

"நீ ஏம்மா சொல்லல?" என்று பிலோமினாவைக் கேட்டேன்.

"மௌனமாச்சே அக்கா. குடும்ப விசயத்த சீட்டுல எப்டி எழுதிப் போடுறது?"

அதற்குள் ரீட்டாவின் கணவன் வந்து கேட்டைத் தட்டினான். "எம் பொண்டாட்டிய அனுப்பு, டைமாவுது" என்றான். ரீட்டா என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மதர் கேட்டுக்குப் போய், "அவ உங்ககூட வரமாட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறா" என்று சொல்லிவிட்டு வேனை எடுக்கச் சொன்னார். வேனில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். பிறகு அவள் திருமழிசையில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். கம்பியை எடுத்த பிறகு பார்க்கப் போனேன். "மன்னிச்சுக்கோ ரீட்டா, அன்னிக்கு உன் மூஞ்சியக்கூட நான் பாக்கல" என்றேன்.

"அது பரவால்லக்கா. ரெண்டாம் நாளு எப்டியாவது உங்களாண்ட காட்டிடணும்னுதான் இருந்தேன். நீங்க எல்லார் முன்னாடியும் என்னை மெச்சிகினே இருந்தீங்களா, அத்தப் பாத்துட்டுக் காட்டவே வெக்கமாப் பூட்ச்சு" என்றாள்.

அதன் பிறகு, வந்த ஒவ்வொருத்தியையும் தனியாக உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசி முடிக்காமல் நான் மௌன மணியை அடித்ததில்லை. இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேசாமல் இருக்கிறாள் என்பதற்காக யாரையும் மெச்சாதீர்கள். முதலில் போய், என்னம்மா ஆச்சு என்று கேளுங்கள்.