ஃபர்ஸ்ட் டவுன்

துபாயில் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த வருடம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த என் மகன், "அம்மா, ஃபுட்பால் டீம்ல எடுத்திருக்காங்க, சைன் பண்ணு" என்று ஒரு தாளை நீட்டினான். காலால் உதைக்கிற ஆட்டம்தானே என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கணவருக்குக் கடலில் எண்ணெய்க் கிணற்று டூட்டி, மாதம் விட்டு மாதம்தான் வீட்டுக்கு வருவார். கையெழுத்து, கவலை, கார் ஓட்டுவது எல்லாம் என் இலாகா.

முதல் ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, அல் ஐனில். ஹெல்மெட்டும் தோளில் மெத்தையுமாக அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வேலியோரம் ஓடினேன். அது அமெரிக்கன் ஃபுட்பாலாம், பந்து முட்டை மாதிரி இருந்தது. அதை யார் எடுத்தாலும் நாலு பேர் பாய்ந்து அமுக்கினார்கள். உடனே மைக்கில் "ஃபர்ஸ்ட் டவுன்!" என்று சத்தம். கூட்டம் கைதட்டியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பேட்டரி டவுன், சுகர் டவுன், சர்வர் டவுன். முதலில் விழுந்தது யார் என்று கணக்கெடுத்துக் கைதட்டுகிறார்களே, என்ன ஜென்மங்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது. பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோனதற்கான பாராட்டு அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மகன் உடை மாற்றப் போயிருந்த நேரத்தில் கோச்சிடம் போனேன். பையனுக்கு வீசிங் உண்டு, ஓடவிட்டால் தாங்கமாட்டான், நான் சொன்னது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். வீசிங் அவனுக்குப் பத்து வயதோடு போய்விட்டது. கோச் நல்ல மனிதர், நம்பிவிட்டார்.

அதன்பின் சீசன் முழுக்க அவன் பெஞ்சைத் தேய்த்தான். விடியுமுன் எழுந்து ஓடினான், முட்டையாக விழுங்கினான். "நெக்ஸ்ட் வீக் கண்டிப்பா இறக்குவார்மா" என்பான். எனக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு சுற்று பதினைந்து நிமிடம் என்பார்கள், கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஒரு மணி நேரம் ஆக்குவார்கள். நான் காருக்குப் போவேன், ஏ.சி.யைப் போடுவேன், அணைப்பேன், திரும்ப வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன்.

கடைசி ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் வெகுவாக முன்னிலையில் இருந்தார்கள். பெஞ்சிலிருந்த எல்லோரையும் கோச் ஒவ்வொருவராக இறக்கினார். மகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டருகே போய் நின்றான். அவர் அவன் தோளைத் தட்டி, திரும்ப உட்காரச் சொன்னார்.

திரும்பும் வழியில் பாதி தூரம்வரை அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "நான் வேஸ்ட்மா. எல்லாரையும் இறக்கினார், என்னை மட்டும் இல்ல. அவ்ளோ மோசமா ஆடறேன் போல. ஸ்போர்ட்ஸே வேணாம், கலாஸ், முடிஞ்சுது" என்றான்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. பெட்ரோல் பங்கில் காரை ஓரங்கட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். பெற்றவளுக்குப் பயம் இருக்காதா என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அப்போ நான் நல்லாத்தான் ஆடறேனாம்மா?"

அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை.