சங்கிலிமுத்துவின் நானூறு சிசி

சங்கிலிமுத்துவோடு பேச வேண்டுமென்றால் எதிரே வந்து நிற்க வேண்டும். மேலப்பொட்டலில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அவருக்கு இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் நின்று கத்தினால், தண்ணீருக்கடியிலிருந்து யாரோ பேசுவதுபோல் கொஞ்சம் வரும். மற்றதையெல்லாம் உதடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஊருக்குக் கிழக்கே இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் அவர் மருந்து கலக்கிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து அறை வெடித்தது. அந்த அறையில் அவருடைய அண்ணன் இருந்தார். அண்ணனைப் பற்றி அவர் பேசுவதில்லை. காதைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "எனக்கு அம்புட்டோட விட்டுச்சு" என்பார்.

அதன் பிறகு சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பண்டல் கட்டும் வேலை. "மெஷினு பக்கத்துல நிக்க இவரை மாதிரி ஆளு கெடைக்குமா?" என்று சூப்பர்வைசர் சொல்லிச் சிரிப்பார். அதையும் உதட்டில் படித்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து சங்கிலிமுத்துவும் சிரிப்பார், அரை நொடி பிந்தி.

அறுபத்திரண்டு வயதில் அவர் கைக்கு அந்த பைக் வந்தது. மகன் பிரபாகரன் வாங்கியது. நானூறு சிசி, கறுப்பு, முன்னால் குனிந்து பாயப்போகிற மாடு மாதிரி நிற்கும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது பிரபாகரன் அப்பாவின் எதிரே நின்று, "பேட்டரி செத்துரும்ப்பா, அப்பப்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க. ஓட்டிறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் பையைத் தூக்கக் குனிந்துவிட்டான், தான் அதைப் பார்க்கவே இல்லை என்பது சங்கிலிமுத்துவின் வாதம்.

முதலில் நாலு வழிச் சாலை வரைக்கும் போனார். பிறகு சாத்தூர் வரைக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் விருதுநகர் போய்த் திரும்பினார். டோல்கேட்டில் பையன்கள் பக்கத்தில் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஊரில் டீக்கடைக்காரர் பாண்டிச்செல்வம் கிண்டலை விட்டபாடில்லை.

"ஏலே சங்கிலி, பேரன் ஓட்ட வேண்டிய வண்டியை நீ எதுக்குலே தேய்க்கிற?"

"பேரன் பொறக்கட்டும், துடைச்சுக் குடுக்கேன்."

"அது வரைக்கும் நீ இருக்கணும்ல."

"நூத்திப் பத்துல போனா சாவுக்கு என்னையப் பிடிக்க முடியாதுலே."

ஆனால் வேகம் அல்ல அவருக்கு வேண்டியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதல் முறை பைக்கை நாலு வழிச் சாலையில் முறுக்கியபோது தொடை வழியாகவும் விலா வழியாகவும் ஏதோ ஒன்று உள்ளே ஏறியது. அது சத்தம் என்று புரியச் சற்று நேரம் ஆனது. காதுக்கு வராமல், வாசலில் வந்து நின்றுவிட்டுப் போய்விடும் விருந்தாளியைப் போல அது எலும்புவரை வந்து திரும்பிவிட்டது. எந்த கியரில் ஓடுகிறது என்பதுகூட அவருக்கு மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும் என்று தோன்றியது.

விருதுநகரில் நிஜாம் பாய் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். பழைய பழக்கம். அவரிடம்தான் கேட்டார். நிஜாம் ஒரு குட்டையான சைலன்சரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்து, வாயை அகலமாகத் திறந்து பேசினார்.

"இதுக்குள்ள அடைப்பே கெடையாதுண்ணே. எஞ்சின் போடுற சத்தம் அப்படியே வெளிய வரும். முறுக்குனா உறுமும். ஆக்சிலேட்டரை விட்டா சடசடன்னு வெடிக்கும். அதுதான் பயலுகளுக்குப் பிடிக்கும். போலீசு நிப்பாட்டுனா என் பேரைச் சொல்லிறாதீக."

வெடிக்கும் என்று நிஜாம் சொன்னதைச் சங்கிலிமுத்து பார்த்தார். பார்த்தது மனதில் நிற்கவில்லை. அவருடைய கண் உறுமும் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லீவு போட்டு அதை மாட்டினார். நிஜாம் ஸ்டார்ட் செய்து முறுக்கியபோது சங்கிலிமுத்து சைலன்சருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வலது காதில் ஏதோ திறந்தது. அது இனிமையான சத்தம் இல்லை. தகரத்தைக் கிழிப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டது. யார் உதட்டையும் பார்க்காமல் கேட்டது. அவர் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார், பிறகு ஏனோ அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். நிஜாம் மறுபக்கம் திரும்பி ஸ்பேனரைத் தேடுவதுபோல் தேடினார்.

நாலு வழிச் சாலையில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு குரல் இருப்பதை அன்றுதான் அறிந்தார். மூன்றாவது முரண்டு பிடித்தது. நான்காவது இறங்கி வந்தது. ஆறாவதில் சத்தம் ஒரே நீளமாக, வெயிலில் காயப்போட்ட சேலை மாதிரி விரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவரும் சேர்ந்து சத்தம் போட்டார். தன் குரல் கேட்டதா, வண்டியின் குரல் கேட்டதா, அவருக்கே தெரியவில்லை.

மேலப்பொட்டலுக்குப் பிரியும் சாலையில் ஓர் ஓடைப் பாலம் உண்டு. பாலத்துக்கு முன்னால் நல்ல இறக்கம். இறக்கத்தின் தலையில் அவர் ஆக்சிலேட்டரை விட்டார்.

இடது கைப்பக்கம் கண்மாய்க்குள் நூறு நாள் வேலையில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். சட்டிகள் கீழே விழுந்தன. அத்தனை பேரும் கரையேறிச் சாலையைக் கடந்து கிழக்குப் பக்கமாக ஓடத் தொடங்கினார்கள். செருப்பில்லாத கால்கள், மண் படிந்த கைகள். கிழக்கே இருப்பது பட்டாசுக் கம்பெனி மட்டும்தான்.

சங்கிலிமுத்து பிரேக் பிடித்து நின்றார். எதிரே ஓடிவந்த ஒருத்தியின் உதட்டைப் பார்த்தார்.

"வெடிச்சிருச்சு! வெடிச்சிருச்சு!"

அந்தப் பகுதியில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எந்த விபத்தும் பெரிய வெடியோடு தொடங்குவதில்லை. முதலில் சடசடவென்று நாலைந்து சின்ன வெடி. அதைக் கேட்டவுடன் ஓடியவர்கள் பிழைத்தார்கள். என்ன சத்தம் என்று நின்று யோசித்தவர்களின் படங்கள் வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன.

அவருடைய மனைவி சொர்ணலட்சுமி கம்பெனிக்குள் இருந்தாள். சரவெடி பின்னும் அறையில், காலை ஆறரைக்குப் போனவள். அவர் பைக்கைத் திருப்புவதற்குள் யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். மாடத்தி. அவருடைய அண்ணன் மனைவி, இந்த ஊரில் இரண்டாவது முறையாகக் கிழக்கே ஓடுகிறவள்.

"கொளுந்தனாரே, எளிலு உள்ள இருக்கா! என்னைய ஏத்திக்கோங்க!"

எழில் அவளுடைய ஒரே மகள். மாடத்தி சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். இதற்கு முன் அவள் எந்த பைக்கிலும் ஏறியதில்லை.

சங்கிலிமுத்து முறுக்கினார். கருவேல மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் பறந்தன. புகை தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. இன்னும் எழும்பவில்லை என்று நினைத்துக்கொண்டார். வளைவு வரும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை விட்டார், வளைவு முடிந்ததும் முறுக்கினார். பின்னால் மாடத்தி அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று அவர் இன்னும் வேகமாகப் போனார். அவள் ஹெல்மெட்டில் அடித்தாள். அவர் இன்னும் முறுக்கினார்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் மரத்தடியில் நின்றபோதுதான் கண்ணைத் தூக்கிப் பார்த்தார். கம்பி வேலிக்கு அப்பால் பொட்டலில் ஜனங்கள் நின்றார்கள். அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாகிப்போன முகங்கள். அறைகளின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒரு கூரையிலும் கீறல் இல்லை. வாட்ச்மேன் சோலைச்சாமி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆப் பண்ணும்யா! மொதல்ல அதை ஆப் பண்ணித் தொலையும்!"

அணைத்தார். மாடத்தி இறங்கினாள். பிறகு சுற்றிவந்து அவருக்கு எதிரே நின்றாள். ஒவ்வொரு சொல்லாக, அவர் பார்க்கும்படி சொன்னாள்.

"வெடிச்சது உங்க வண்டி. ஏறுன கொஞ்ச நேரத்துல எனக்குத் தெரிஞ்சு போச்சு. என் காலுக்குக் கீளதான் வெடிச்சுது. அடிச்சு அடிச்சுச் சொன்னேன். நீங்க கேக்கல."

அவர் வண்டியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் இருந்தவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போர்மேன் நல்லசிவம் ஒவ்வொரு அறை ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள். எழில் பின்பக்க வேலியைத் தாண்டும்போது கம்பி கிழித்ததால் முழங்காலுக்குக் கீழே தாவணித் துணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தாள். மாடத்தி அவளிடம் ஓடவில்லை, மெதுவாக நடந்து போனாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து மகளின் தலையில் கையை வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை. கலந்த மருந்து வெயிலில் அப்படியே கிடந்ததால் அதையெல்லாம் தண்ணீர் விட்டு அழிக்க வேண்டும் என்று நல்லசிவம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வேளை, ஓடின ஓட்டத்தில் யாரும் அதைத் தட்டிவிடவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் உதடு உலர்ந்திருந்தது.

சொர்ணலட்சுமி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். சங்கிலிமுத்து கையை உயர்த்தினார். அவள் பார்த்தாள். கையை உயர்த்தவில்லை.

வீட்டில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கதவு எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்து போச்சு எனக்கு. ரெண்டு பக்கமும் கதவு. நடுவுல நிக்கேன். பக்கத்துல பின்னிக்கிட்டிருந்த செல்லம்மா இளுத்துட்டுப் போகலன்னா அங்கனயே நின்னுருப்பேன்."

"கேக்கணும்னுதான் மாட்டுனேன் சொர்ணம். எனக்கு வேற எதுவும் கேக்கல."

"தெரியும்."

"ஞாயித்துக்கெளமை மட்டும் எடுக்கேன். கம்பெனி லீவுல்ல."

"கம்பெனிக்கு லீவு. எங்க காதுக்கு யாரு லீவு விட்டா?"

வண்டியை வித்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. வெங்காயம் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஒன்றை நிறுத்தி, மூட்டைகளுக்கு நடுவில் பைக்கை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். டீக்கடையைத் தாண்டும்போது பாண்டிச்செல்வம் வாயைத் திறந்தார். சங்கிலிமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு கிளாஸைக் கழுவப் போனார்.

நிஜாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குனிந்து சைலன்சரின் வாயைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்.

"அண்ணே, உள்ள ஒரு அடைப்பு போட்டுறலாம். சத்தம் பாதி ஆயிரும். வெடிக்கிறதும் கொறையும். ரெண்டு பேருக்கும் பொதுவா."

"பாதிச் சத்தம் எனக்குக் கேக்காது பாய். அவுகளுக்குக் கேக்கும்."

நிஜாம் பழைய சைலன்சரைத் தேடி எடுத்தார். மாட்டி முடித்து, ஸ்டார்ட் செய்தார். சங்கிலிமுத்து நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து வலது காதைக் கொடுத்தார். நிஜாமின் கை முறுக்குவது தெரிந்தது. சைலன்சர் வாயில் சூடான காற்று வந்தது. "போதும்" என்று எழுந்துகொண்டார்.

திரும்பும்போது நாலு வழிச் சாலையில் எண்பதுக்கு மேல் போகவில்லை. போகலாம், ஆனால் எதற்கு என்று இருந்தது. கியர் மாற்ற மீட்டரைப் பார்த்தார். லாரிகள் சத்தமில்லாமல் பெரிதாகிச் சத்தமில்லாமல் கடந்தன.

ஊர்ச் சாலைக்குள் திரும்பி, கம்பெனியைத் தாண்டியபோது வேலை விடும் நேரம். பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தூக்குவாளிகள் ஆடின. நடுவில் சொர்ணலட்சுமி. எஞ்சின் ஓடுவது அவர்களுக்கும் கேட்கவில்லை போலிருந்தது, யாரும் ஒதுங்கவில்லை. அவருடைய கட்டைவிரல் ஹாரன் பொத்தான்மேல் போனது. அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்.

முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி அவர்கள் பின்னால் போனார். அப்படிப் போக அந்த வண்டியைச் செய்யவில்லை. சூடேறி அதன் விசிறி ஓடத் தொடங்கியது, வெக்கை முழங்காலைச் சுட்டது. இடது மணிக்கட்டு மரத்துப்போனது. முன்னால் யாரோ ஏதோ சொல்ல, சொர்ணலட்சுமியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள். என்ன பேச்சு என்று அவருக்குத் தெரிய வழியில்லை, அவருக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகுகள் மட்டும்தான். ஊர் வரும்வரைக்கும் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.