அரிசிச் சாக்குப் பந்து

இந்த மலையில் என்னைப்போல் கயிறு போட்டுப் பந்து கட்டியவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை. இன்று மேலே திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் என் லாரிகளில் பாரம் கட்டுகிற முடிச்சைக்கூட அந்தப் பந்தில்தான் பழகினேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கிய அவசரகாலம். தோட்டக் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதென்று, வாசலில் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அந்த ஆண்டு டவுன் இங்கிலீஷ் பள்ளியில் சேர எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தார்கள். வயது ஏறிவிட்ட எனக்கு அது ஒன்றுதான் வாய்ப்பு. கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் பரீட்சைப் பேச்சு வந்த நாளிலிருந்து புத்தகத்தைத் திறக்கவே பயம். பந்தை உதைக்கும்போதுதான் மூச்சே வந்தது.

"உனக்கு மூளை முட்டிக்குக் கீழதான்டா இருக்கு," என்பார் எங்கள் தோட்டத்துப் பள்ளி வாத்தியார்.

"அங்க இருந்தாலும் கணக்கு வருதுல்ல சார்."

சிரித்துக்கொண்டேதான் பிரம்பை எடுப்பார்.

பரீட்சையன்று காலை, பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றிப்போக லாரி கம்பி வாசலில் நின்றது. எழுதி முடித்ததும் டவுன் திடலில் ஆடலாமென்று பந்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் அதை அமுக்கிப் பார்த்தார். கத்தியால் கீறினார். உள்ளே நான் திணித்திருந்தது பழைய அரிசிச் சாக்கு. தையலில் சிக்கிக் கிடந்த அரிசி அவர் பூட்ஸ்மேல் உதிர்ந்தது.

"அரிசி யாருக்கு?"

"யாருக்கும் இல்ல லா. இது பந்து."

வாத்தியார் கெஞ்சிப் பார்த்தார். மற்ற பிள்ளைகளுக்கு நேரமாகிறதென்று லாரி கிளம்பிவிட்டது. என்னைக் காவல் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வந்து, அந்த நாலு அரிசியைப் பார்த்துச் சிரித்து, என்னைப் போகச் சொன்னபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இங்கிலீஷ் தெரியாமலே பின்னாளில் பிரிஞ்சாங்கில் வெள்ளைக்காரனிடம் பேரம் பேசி ஜெயித்தவன் நான். அன்று கீறிய பந்துக்குள் சாக்கைத் திரும்பத் திணித்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த பந்தோடு லயத்துக்குத் திரும்பினேன். அப்பா குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. அடிப்பாரென்று நின்றேன். பந்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்க," என்றார்.

பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு என்கூட வந்துடு. வேலைக்கு உன் பேரைக் கங்காணிகிட்ட குடுத்துட்டேன்."