பற்றறிக்கு ஓய்வு கொடுத்தவர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை ஆண்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கிளெமென்ற் அண்ணரின் காரைத் தள்ளியவர்கள், இனித் தள்ளப்போகிறவர்கள். நான் முதல் வகை. என் முதுகு வலிக்கு வைத்தியர்கள் வாயில் நுழையாத பெயர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் அதற்கு அந்தக் காரின் நம்பரைத்தான் சொல்வேன்.

அண்ணர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் முடித்த கையோடு பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினார். வாங்கும்போதே அது கிழடு. கதவில் விரலை மடக்கித் தட்டி, "இது இரும்பு, தம்பி. இப்ப வாறதெல்லாம் பிளாஸ்டிக் பெட்டி" என்பார். தட்டிய இடத்திலிருந்து துரு உதிரும். அதை மட்டும் அவர் பார்க்கமாட்டார்.

அந்த இரும்பில் ஏறி வெளிக்கிடுவது பயணமல்ல, படையெடுப்பு. தண்ணீர்க் கேன் வேண்டும். உதிரி ஃபேன் பெல்ற் வேண்டும். பெற்றோல் தாங்கி ஒழுகினால் அப்புவதற்குச் சவர்க்காரக் கட்டி வேண்டும். அவருடைய மனைவி றஞ்சிதம் அக்காவுக்குக் கொழும்பின் இடங்களெல்லாம் கார் நின்ற இடங்களாகத்தான் தெரியும். வெள்ளவத்தை றேடியேற்றர் கொதித்த இடம், தெஹிவளை கிளச் கேபிள் அறுந்த இடம். கல்கிசைக் கடலைப் பார்க்க அவர்கள் பலமுறை புறப்பட்டிருக்கிறார்கள். அக்கா இன்னும் அதைப் பார்த்ததில்லை.

பொரளைச் சந்தியை அக்கா மறக்கவே மாட்டார். மகள் லவினா பிறக்க இருந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் அங்கேதான் நின்றது. அண்ணர் பொனற்றைத் திறந்து பிளக் துடைக்கத் தொடங்கினார். அக்கா வலியோடு இறங்கி, தானே ஒரு ஓட்டோவை மறித்து ஏறிப் போய்ப் பிள்ளையைப் பெற்றார். அண்ணர் இந்தக் கதையை இன்றும் பெருமையாகச் சொல்வார். கதை முடிவில் பிள்ளை வராது. "பிளக்கத் துடைச்சு ஒரே அடி, ஸ்டார்ட்!" என்பதுதான் முடிவு.

காலம் மாறிவிட்டது என்பதை அவருக்கு யார் சொல்வது? முன்பெல்லாம் காலி வீதியில் போனால் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறியும் மனிதர்கள் வழிநெடுக நிற்பார்கள். இப்போது தேடினாலும் ஒருவர் கிடைக்கமாட்டார். இருபது வருடமான ஜப்பான் கார்கள் ஒயில் மாற்றினால் போதும் என்று ஓடித் திரிகின்றன. லட்சக் கணக்கில் கிலோமீற்றர் ஓடிய காரையும் 'நல்ல கண்டிஷன்' என்று விற்கிறார்கள், வாங்குகிறவனும் சிரிப்பதில்லை. அண்ணரின் காரில் மைல் காட்டும் பெட்டிக்கு ஐந்து இலக்கங்கள்தான். செய்தவர்களுக்கே அதற்கு மேல் நம்பிக்கை இருக்கவில்லை. அண்ணருக்குத்தான் இருந்தது.

லவினா கல்யாணம் முடித்து, கணவன் மெல்றோயோடு சேர்ந்து ஒரு ஜப்பான் ஹைபிரிட் வாங்கினாள். மெல்றோய் கட்டாரில் வேலை. அதனால் தலைப்பிரசவத்துக்கு லவினா தாய் வீட்டுக்கு வந்தாள். காரும் கூடவே வந்தது. நேரம் வந்தால் அப்பா அதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா தன் பங்குக்கு மாதாவிடம் நேர்த்தி வைத்தார். மகளும் தன்னைப் போல் நடுச்சந்தியில் இறங்கி நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

அண்ணருக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக் கூடாது. சத்தமில்லாமல் ஓடியது முதல் குற்றம். "நோயாளிதான் இப்பிடி அமைதியா இருப்பான்" என்றார். காலையில் அதைச் சுற்றி வருவார், கீழே குனிந்து ஒயில் ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டும் இருக்காது. "ஒழுகாட்டி உள்ளுக்கு ஒயில் இல்லையெண்டுதான் அர்த்தம்" என்று கவலைப்படுவார். ஒரு கார் எந்தத் தொல்லையும் தராமல் இருப்பது அவருக்குத் தனிப்பட்ட அவமானமாக இருந்தது.

நாள் நெருங்க நெருங்க அவருக்குப் பொறுப்பு கூடியது. பழைய காரில் இரவில் பற்றறி வயரைக் கழற்றி வைக்காவிட்டால் விடியும்போது அதில் உயிர் இருக்காது. அந்தப் பழக்கத்தில் ஒரு மாலை ஜப்பான் காரின் டிக்கியைத் திறந்தார். பற்றறி அதற்குள்தான் இருந்தது. முன் கதவுகளைப் பூட்டினார், வயரைக் கழற்றினார், டிக்கியை அறைந்து மூடினார். கையைத் தட்டிக்கொண்டு, "இனி நிம்மதி" என்று என்னிடமே சொன்னார்.

மறுநாள் காலை லவினாவுக்கு வலி வந்தது.

அண்ணர் ரிமோட்டை அமத்தினார். கார் அசையவில்லை. இன்னும் பலமாக அமத்தினார். லவினா பல்லைக் கடித்தபடி அதை வாங்கி, அதற்குள் ஒளிந்திருந்த சின்னத் திறப்பை இழுத்து முன் கதவைத் திறந்தாள். ஏறி இருக்கலாம், ஓடத்தான் முடியாது. உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை.

"பாத்தியா! நம்ப வைச்சுக் கழுத்தறுத்துப்போட்டுது!" என்றார் அண்ணர்.

"அப்பா, இதுக்கு என்ன செய்தனீங்க?"

"பற்றறிக்குக் கொஞ்சம் ரெஸ்ற் குடுத்தனான், மகள். வயரக் கொழுவினாச் சரி."

"எங்க கொழுவுறது? பற்றறி டிக்கிக்குள்ள. அந்த டிக்கியத் திறக்கவே கரண்ட் வேணும், அப்பா!"

அவர் ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "தம்பி, ஓடி வாங்க! ஒரு தள்ளு! இரும்பு நிக்குது!"

பழக்க தோஷத்தில் நானும் போய் அந்தத் துருவில் கை வைத்துவிட்டேன். கேற்றைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் கை வைத்தபடி நின்ற லவினாவைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையை எடுத்துவிட்டேன்.

றஞ்சிதம் அக்கா யாரையும் ஏசவில்லை. தெருவில் இறங்கி ஒரு ஓட்டோவை மறித்தார். "மல்லி, பொரளைக்கு. இக்மனட யமு!" என்று சிங்களத்தில் சாரதியை அவசரப்படுத்தி மகளை ஏற்றினார். அண்ணர் பின்னாலேயே ஓடினார்.

"ரெண்டு நிமிஷம் றஞ்சிதம், இது பிடிச்சிடும்!"

"இவள் பிறக்கேக்கையும் இதையேதான் சொன்னீங்க" என்றார் அக்கா. ஓட்டோ போய்விட்டது.

அவரைத் தனியே விட மனமில்லாமல் இன்னொரு ஓட்டோவில் நானே கூட்டிக்கொண்டு போனேன். அதற்குமுன் அவர் தன் பழைய காரைத் தனியாகத் தள்ளி, பொனற்றுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்திருந்தார். கை முழுக்கக் கிறீஸ். பொரளைச் சந்தியைக் கடக்கும்போது அவர் வெளியே பார்க்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். அதைக் கேட்டதும் அண்ணருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வாயும் வந்தது. "இந்தக் காலத்துக் கார் எல்லாம் இப்பிடித்தான். அவசரத்துக்கு உதவாது" என்று வராந்தாவில் நின்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினார்.

அக்கா துணியில் சுற்றிய பிள்ளையோடு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில் சொன்னார்.

"இவ்வளவு காலமும் நான் காருக்குத்தான் பழுதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்."

அண்ணர் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கிறீஸைப் பார்த்துவிட்டுப் பேத்தியை என் கையில் தந்தார்.